பாளையங்கோட்டையில் இருந்தபடியே புத்தொளிப் பயிற்சி

கல்லூரி ஆசிரியர்கள் தங்கள் பாட அறிவைப் புதுப்பிக்கும் புத்தொளிப் பயிற்சி என்றாலே சென்னை, கோவை, திருச்சி என்று பெட்டி கட்ட வேண்டியதில்லை. அந்த ஊர்ப் பல்கலைக்கழகங்களின் பயிற்சி மையங்கள் இப்போது மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டமான மாளவியா மிஷனின் மையங்கள். இணையவழி வகுப்புகளும் உண்டு.

அறிவியல் ஆசிரியர்களுக்கு என் பரிந்துரை, ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல். பாடம் இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். தேர்வை அதற்கான மையத்துக்கு நேரில் போய் எழுதணும். பதிவு செய்யும்போது ‘மாணவர்’ என்று போட்டுவிடாமல், ஆசிரியர் என்றே போடுங்கள். ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு) கணக்கில் 8 வாரப் பாடம் ஒரு வார எஃப்டிபி (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி), 12 வாரப் பாடம் ஒன்றரை வாரம். கலை அறிவியல் கல்லூரிக்காரர்களுக்கு யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி தனி. பதவி உயர்வுக்கு எந்தப் பாடம் செல்லும் என்று பணம் கட்டுவதற்கு முன்பே கல்லூரி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை கோப்பில் ஏறாது. ஜனவரி, ஜூலையில் புதுப் பருவம் தொடங்கும். விடைத்தாள் திருத்தும் வாரங்களையும் பார்த்துச் சேருங்கள்.