ஆடாதோடை: வேலியிலிருந்து மருந்துக் கிண்ணம் வரை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மானாவாரிக் காடுகளில் ஆட்டின் வாய்க்குத் தப்பிப் பிழைக்கிற செடி எதுவோ, அதுதான் வேலிக்கு உதவும். கேழ்வரகும் துவரையும் விதைத்த நிலத்தைச் சுற்றிக் கிளுவையும் நொச்சியும் வைத்தவர்கள், அவற்றோடு ஆடாதோடையையும் நட்டது இதனால்தான். ஓட்டிச் செல்லப்படும் மந்தை வரப்போரத்துப் புல்லைக் கரண்டிக்கொண்டே வந்து, இந்தச் செடியின் அருகில் ஒரு கணம் முகர்ந்து பார்த்துவிட்டு அப்பால் நகர்வதை இன்றைக்கும் காணலாம். ஆடு தொடாத இலை என்ற பொருளில் வழங்கிய இந்தப் பெயரையே 1753-இல் லின்னேயஸ் தாவரவியலுக்குள் கொண்டு சென்று, செடிக்கு ஜஸ்டீசியா அடதோடா என்று பெயரிட்டார். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு பேசுவோர் இதை அட்டசரம் என்றும் கன்னடம் பேசுவோர் ஆடுசோகே என்றும் கூறுவதால், தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் இலை கேட்டுச் செல்பவர் மூன்று பெயர்களையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

2020-இல் கபசுரக் குடிநீர் வீடுதோறும் வழங்கப்பட்டபோது அதன் பதினைந்து சரக்குகளில் ஆடாதோடை இலையும் ஒன்று என்று பலர் அறிந்துகொண்டனர். அதன் பின் வேலியில் நிற்கும் செடியைப் பறித்து, கையில் வந்த அளவு கொதிக்க வைத்துக் குடிக்கும் வழக்கமும் கூடியிருக்கிறது. பச்சிலைதானே என்ற எண்ணம் இந்தச் செடியிடம் செல்லாது. இதன் இலையில் இருப்பது மூச்சுக்குழலிலும் கருப்பையிலும் நேரடியாக வேலை செய்யும் காரப்போலி, அதாவது ஆல்கலாய்டு. ஆகவே செடியை அடையாளம் காண்பது, இலையைப் பக்குவப்படுத்துவது, அளவைக் காப்பது, யாருக்குக் கூடாது என்று அறிவது ஆகிய நான்கையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

செடியை அறிதல்

ஆடாதோடை ஓராள் உயரத்துக்கும் மேல் வளரும் பசுமை மாறாப் புதர்ச்செடி. இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நிற்கும்; ஒரு சாண் நீளம் வரை வளர்ந்து, மாவிலையைப் போல இரு முனையும் குறுகியிருக்கும்; ஆனால் மாவிலையின் விறைப்பு இதற்கு இல்லை. கணுக்கள் சற்றே புடைத்திருக்கும். கசக்கினால் கடுந்தேயிலையை நினைவூட்டும் ஒரு வாடை எழும். நாவில் வைத்தால் கைப்பு நெடுநேரம் நிற்கும். ஐயம் எல்லாவற்றையும் தீர்ப்பது பூதான். கதிராகத் திரண்ட பச்சைச் செதில்களுக்கு நடுவிலிருந்து வெள்ளைப் பூ இரண்டு உதடுகளாகப் பிளந்து விரியும்; கீழ் உதட்டின் உட்புறத்தில் ஊதா நிறக் கோடுகள் தொண்டை வரை ஓடும். வாய் பிளந்த சிங்கத்தைப் போலத் தோன்றுவதால் வடமொழி நூல்கள் இதைச் சிம்மாஸ்யம் என்றும் அழைத்தன. வாசா, வாசகம், ஆடரூஷம் என்பன அதன் மற்றப் பெயர்கள். பூக்காத காலத்தில் முதல்முறையாக இலை பறிப்பவர், செடியை அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். கேரள வைத்தியத்தில் சித்தாடாதோடை என்று இதன் சிறிய இனம் ஒன்று தனியாக வழங்குகிறது. இங்கே கூறப்படும் அளவுகள் நம் வேலிகளில் நிற்கும் பெரிய இனத்துக்கு உரியவை.

வீட்டில் ஒரு செடி வைப்பதற்குப் பெரிய முயற்சி தேவையில்லை. முற்றிய கிளையிலிருந்து மூன்று நான்கு கணுக்கள் உள்ள போத்துகளை நறுக்கி, மழை தொடங்கும் பருவத்தில் இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி ஊன்றினால், செம்மண்ணிலும் சரளை மண்ணிலும் வேர் பிடித்துக்கொள்ளும். நீர் தேங்கும் இடத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்துச் செடியிலும், பூச்சிமருந்து தெளிக்கும் மாந்தோப்பின் வேலிச் செடியிலும் மருந்துக்கென்று இலை பறிக்கலாகாது.

பறித்தலும் உலர்த்தலும்

கொழுந்தையும் பழுத்த இலையையும் விட்டு, நடுப்பகுதியில் நன்கு முற்றிய கரும்பச்சை இலைகளைக் காலையில் பனி உலர்ந்த பிறகு பறிக்க வேண்டும். கழுவித் துணியில் ஒற்றி, நிழலில் காற்றோட்டமாகப் பரப்பி, நரம்பு ஒடியும் வரை உலர்த்த வேண்டும். நிழலில் உலர்த்து என்று முன்னோர் வற்புறுத்தியதற்கு வேதியியலிலும் காரணம் இருக்கிறது: இலையின் முதன்மைப் பொருளான வாசிசின், காற்றிலும் வெளிச்சத்திலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து வாசிசினோன் என்ற வேறொரு பொருளாக மாறுகிறது. பச்சை மங்கிப் பழுப்பேறிய பழைய பொடியை நாட்டுமருந்துக் கடையில் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காமல் இருப்பதே நல்லது. பொடியாக அரைத்து வைப்பதைவிட இலையாகவே காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, தேவைப்படும்போது ஒன்றிரண்டாக இடித்துக்கொள்வதையே நான் விரும்புகிறேன்.

சாறு, குடிநீர், மணப்பாகு

இந்த இலையைப் பச்சையாக இடித்துப் பிழிய முயன்றவர்களுக்குத் தெரியும்: கை வலிக்குமே தவிரச் சாறு வராது. அதனால்தான் ஆயுர்வேதம் ஆடாதோடைக்குப் புடபாக முறையைச் சொல்கிறது. அரைத்த இலையை உருண்டையாக்கி, ஆலிலை போன்ற அகன்ற இலைகளால் பொதிந்து, அதன்மேல் இரண்டு விரற்கடை கனத்துக்கு மண் பூசி, மண் சிவக்கும் வரை தணலில் சுட்டு, ஆறிய பின் பிரித்துப் பிழிவது அந்த முறை. எங்கள் வீட்டில் பாட்டி விறகடுப்பின் தணலைச் சற்றே விலக்கி, இலைகளை ஒவ்வொன்றாக அதன்மேல் காட்டி வாட்டுவார்; இலை துவண்டு, கரும்பச்சை மேலும் இருண்டு, ஓரத்தில் ஈரம் கசியத் தொடங்கும் அந்த நொடியில் எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பிழிந்தால், சொட்டுச் சொட்டாகக் கறுத்த சாறு இறங்கும். எரிவாயு அடுப்பு உள்ளவர்கள் இட்லிப் பானையில் ஏழெட்டு நிமிடம் ஆவியில் வைத்து, சூடு பொறுக்கும் பதத்தில் வெள்ளைத் துணியில் இட்டு முறுக்கிப் பிழியலாம். ஒரு கைப்பிடி இலைக்கு ஓரிரு தேக்கரண்டிச் சாறுதான் கிடைக்கும். அதில் ஏமாற்றமடையத் தேவையில்லை, மருந்துக்கு அது போதும்.

பெரியவர்களுக்கு ஆயுர்வேத வழக்கில் சொல்லப்படும் சாற்றின் அளவு நாளொன்றுக்கு 10 முதல் 20 மி.லி. வரை. முதல்முறை குடிப்பவர் 5 மி.லி.யில் தொடங்கி, சம அளவு தேன் கலந்து, உணவுக்குப் பின் குடிப்பது பாதுகாப்பானது. அளவு மிஞ்சினால் குமட்டலும் வாந்தியும் வரும். உடல் தானாகவே சொல்லும் எச்சரிக்கை அது.

குடிநீருக்கு, அதாவது கஷாயத்துக்கு, உலர்ந்த இலை 10 கிராமை ஒன்றிரண்டாக இடித்து, பதினாறு பங்காகிய 160 மி.லி. நீரில் இட்டு, மூடாமல் சிறு தீயில் நான்கில் ஒன்றாக, அதாவது 40 மி.லி. ஆகும் வரை வற்ற வைத்து வடிகட்ட வேண்டும். இதைக் காலை, மாலை என்று இருவேளையாகப் பிரித்துக் குடிக்கலாம். ஈயமற்ற பாத்திரமோ மண்சட்டியோ ஏற்றது.

கைப்பைப் பொறுக்காதவர்களுக்கு உரியது மணப்பாகு. உலர்ந்த இலை 50 கிராமை 800 மி.லி. நீரில் இட்டு 200 மி.லி.யாக வற்ற வைத்து வடிகட்டிக்கொள்ள வேண்டும். அதில் 400 கிராம் பனங்கற்கண்டைக் கரைத்து, பனங்கற்கண்டில் தூசும் நாரும் இருக்கும் என்பதால் மறுபடியும் ஒருமுறை வடிகட்டி, சிறு தீயில் காய்ச்ச வேண்டும். முதலில் நுரை பெரிது பெரிதாக எழுந்து அடங்கும். பிறகு குமிழிகள் சிறுத்து நெருங்கும். அப்போது ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துப் பிரித்தால் ஒரு கம்பியாக இழுபட வேண்டும். நான் முதல்முறை செய்தபோது இந்தப் பதத்துக்கு முன்பே இறக்கிவிட்டேன். பத்து நாளில் பாகு புளித்து, ஓர் இரவில் மூடி தெறித்து, அலமாரி முழுவதும் எறும்பு. நன்றாக ஆறிய பிறகே ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, தயாரித்த தேதியை எழுதி ஒட்ட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். 5 முதல் 10 மி.லி. வரை வெந்நீரில் கலந்து இருவேளை குடிக்கலாம். சர்க்கரை நோயாளிகள் மணப்பாகைத் தவிர்த்துக் குடிநீரையே நாட வேண்டும்.

இலைக்குள் இருப்பது

ஆயுர்வேதம் ஆடாதோடையைக் கைப்பும் துவர்ப்பும் உடையது, குளிர்ச்சி தருவது, கபத்தையும் பித்தத்தையும் தணிப்பது என்று வகுத்து, இருமல், இரைப்பு, உடல் மெலியும் க்ஷயம், இரத்தம் கசியும் இரத்தபித்தம் ஆகியவற்றுக்கு விதித்தது. வாசா அவலேகம், வாசா கிருதம், வாசாரிஷ்டம் ஆகிய மருந்துகள் அந்த மரபில் வந்தவை. சித்த மருத்துவத்தில் இது குரலுக்கும் உரியது. ஆடாதோடை இருந்தால் பாடாத நாவும் பாடும் என்ற வழக்கு அதைத்தான் குறிக்கிறது.

வாசிசின் என்ற ஆல்கலாய்டை இலையிலிருந்து முதலில் பிரித்து அறிவித்தவர் டேவிட் ஹூப்பர், 1888-இல். அவர் அந்நாளில் உதகமண்டலத்தில் சின்கோனாப் பட்டையை ஆராயும் அரசுப் பணியில் இருந்தவர். 1959-இல் வாசிசினோன் இனங்காணப்பட்டது. பின்னர் ஜம்முவில் நடந்த ஆய்வுகளில், வாசிசின் மூச்சுக்குழலை விரிக்கும் என்றும், வாசிசினோன் சோதனைக் குழாயில் விரித்தாலும் உயிருள்ள விலங்கில் சுருக்கவும் கூடும் என்றும், இரண்டும் சேர்ந்திருக்கும்போது விரிக்கும் தன்மையே ஓங்குகிறது என்றும் தெரியவந்தது. தனிப்பொருளைவிட முழு இலைக்கு மதிப்பு உண்டு என்று வைத்தியர்கள் கூறுவதற்கு இந்த இடத்திலாவது ஆதாரம் இருக்கிறது.

இதைவிட முக்கியமானது அடுத்த கட்டம். வாசிசினின் கட்டமைப்பை மாதிரியாகக் கொண்டு உருவாக்கப்பட்ட புரோம்ஹெக்சின் 1963-இல் மருந்தாக வெளிவந்தது; அது உடலுக்குள் மாறுவதால் உண்டாகும் பொருள்தான் அம்ப்ராக்சால். இரண்டும் கெட்டிக் கோழையை இளக்கி வெளியேற்றுபவை. இன்று மருந்துக்கடையில் வாங்கும் சளி மருந்துப் புட்டியைத் திருப்பிப் பார்த்தால், டெர்புடலின், குவாய்ஃபெனசின் ஆகியவற்றோடு அம்ப்ராக்சாலின் பெயரும் பெரும்பாலும் இருக்கும். ஆகவே அந்த மருந்தையும் ஆடாதோடை மணப்பாகையும் ஒரே நாளில் குடிப்பவர், ஒரே வேலைக்கு இரண்டு ஆட்களை அனுப்புகிறார். மருத்துவரிடம் சொல்லாமல் அப்படிச் செய்யலாகாது.

ஆடாதோடையோடு திப்பிலிப் பொடியைச் சேர்க்கும் பழக்கமும் வெறும் சுவைக்காக வந்ததன்று. திப்பிலியைச் சேர்த்தபோது இரத்தத்தில் வாசிசினின் அளவு இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்ததை 1981-இல் வெளியான விலங்காய்வு ஒன்று காட்டியது. அதன் மறுபக்கம், திப்பிலியிலும் மிளகிலும் உள்ள பைப்பெரின் வேறு மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் உயர்த்தக்கூடும் என்பது. வலிப்புக்கு ஃபெனிடாயினோ, இரத்த அழுத்தத்துக்குப் புரோபிரனலாலோ, இரைப்புக்குத் தியோஃபிலினோ எடுப்பவர்கள் திப்பிலி சேர்த்த எதையும் தாமாகத் தொடங்க வேண்டாம்.

யாருக்குக் கூடாது

கருவுற்ற பெண்களுக்கு எந்த வடிவத்திலும், எந்த அளவிலும் கொடுக்கக் கூடாது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்கிறது. புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற, ஹார்மோனைப் போல வேலை செய்யும் பொருள்களைச் சுரக்கவைப்பதன் வழியாக அது நடக்கிறது என்று ஆய்வுகள் காட்டின, கருச்சிதைவை உண்டாக்கும் பொருளாகவே அதை ஆராய்ந்தும் பார்த்தார்கள். நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று உறுதியாகத் தெரியாத பெண்ணும் இதைத் தவிர்க்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துக் குடிநீர் காய்ச்சி ஆளுக்கொரு டம்ளர் ஊற்றும் பழக்கத்தில்தான் இந்தத் தவறு நேர்கிறது.

குழந்தைகளுக்கு வீட்டுக் கணக்கில் அளவு சொல்ல நான் துணியமாட்டேன். சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எதுவும் கூடவே கூடாது.

ஓசூர், தளிப் பக்கத்து மார்கழிப் பனியில் வரும் சளி இருமலுக்கு ஐந்து முதல் ஏழு நாள் ஆடாதோடை போதும். அதற்கு மேலும் தொடர்ந்தால் இலையைக் கூட்டுவது வழியல்ல. இரண்டு வாரம் கடந்த இருமலுக்கும், மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்த இருமலுக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். கோழையில் இரத்தம் கண்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். இரத்தபித்தம் என்று பழைய நூல்கள் அழைத்ததற்குள் காசநோயும் அடங்கியிருந்தது, அதற்கு இன்று முழுமையான மருந்து உண்டு. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள கிரானைட் குவாரிகளிலும் கல் அறுக்கும் பட்டறைகளிலும் உழைப்பவர்களின் இருமல் வேறு வகை. நுரையீரலில் படிந்த கல்தூசியை எந்தக் கஷாயமும் கரைக்காது, அவர்கள் மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாக வேண்டும். மருத்துவமனைக்குச் செல்லும்போது, எத்தனை நாளாக எந்த வடிவத்தில் எவ்வளவு ஆடாதோடை குடித்தோம் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்ட வேண்டும்.