விரல்கள் வெளுத்தாலோ நீலமானாலோ எதையெல்லாம் கவனிக்க வேண்டும்

ஒரு கை மட்டும் திடீரென வெளுத்து, சில்லிட்டு, கடுமையாக வலித்து, மரத்துப்போய், விரலை அசைக்கவும் முடியாவிட்டால் மேலே படிக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். உறைந்த இரத்தக்கட்டி ஒன்று கைத் தமனியை அடைத்திருக்கலாம். இதயத்துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். இரத்தம் இல்லாமல் தசை தாங்குவது ஏறத்தாழ 6 மணி நேரம்தான். விரலோடு உதடும் நாக்கும் நீலமாக இருந்தால் கோளாறு கையில் இல்லை, பெரும்பாலும் நுரையீரலிலோ இதயத்திலோ இருக்கும். அதற்கும் காத்திருக்கக் கூடாது.

அந்த நிலை இல்லையென்றால், முதலில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் விரலைத் துடைத்துப் பாருங்கள். புது ஜீன்ஸின் சாயம் ஒட்டி நீலமாகத் தெரிவதும் உண்டு.

சாயமில்லை என்றால், நிறம் எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எத்தனை விரல்களில் வருகிறது என்று குறித்து வையுங்கள். காரணத்தைப் பெரும்பாலும் இந்த மூன்றும்தான் காட்டிக்கொடுக்கும். மருத்துவரைப் பார்க்கும் நேரத்தில் விரல் இயல்பாகவே இருக்கும் என்பதால், நிறம் மாறும்போதே போனில் படம் எடுத்துவிடுங்கள். கருநிறத் தோலில் மாற்றம் எளிதில் தெரியாது. உள்ளங்கைப் பக்கத்தையும் நகத்தின் அடிப்பகுதியையும் படமெடுங்கள்.

குளிர்ந்த நீரையோ ஏசி காற்றையோ தொட்டதும், அல்லது பதற்றத்தில், விரல் கோடு போட்டாற்போல் வெளுத்து, பிறகு நீலமாகி, சூடு ஏறும்போது சிவந்து விண்விண்ணென்று தெறித்தால் அது ரேனாட். பிரெஞ்சு மருத்துவர் மொரீஸ் ரேனாட் 1862இல் விவரித்தது. சிறு தமனிகள் தேவைக்கு மேல் சுருங்குவதுதான் கோளாறு. எல்லோருக்கும் மூன்று நிறங்களும் வருவதில்லை.

இதில் இரண்டு வகை. 15 முதல் 30 வயதுக்குள், பெரும்பாலும் பெண்களுக்கு, இரண்டு கைகளிலும் ஒரேபோல் தொடங்குவது முதல்வகை. கட்டைவிரல் பெரும்பாலும் தப்பிவிடும், புண் வராது. தொல்லைதான், ஆபத்தில்லை. 30, 40 வயதைத் தாண்டிப் புதிதாக வந்தாலும், ஒரு கையில் மட்டும் வந்தாலும், விரல்நுனியில் புண் வந்தாலும், விரல் தோல் இறுகி வீங்கினாலும், மூட்டு வலித்தாலும் அதை இரண்டாம் வகையாகச் சந்தேகிக்க வேண்டும். ஸ்க்லீரோடெர்மா (தோல் இறுகும் நோய்), லூபஸ் போன்ற, உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய்கள் பின்னால் இருக்கலாம். அப்படித் தாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் ஏஎன்ஏ இரத்தப் பரிசோதனை செய்வார்கள். நகக்கண் ஓரத்துத் தந்துகிகளை (மயிரிழை போன்ற இரத்தக்குழாய்களை) உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். இந்த இரண்டும் சரியாக இருந்தால் பெரிதும் நிம்மதி கொள்ளலாம்.

மருந்துச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். இதயத்துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள், ஒற்றைத் தலைவலிக்கான எர்கோடமின், மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் ஆகியவை விரல் தமனிகளைச் சுருக்கும். பீட்டா பிளாக்கரை நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள், இதயத்துக்குக் கேடு. மருத்துவரிடம் மாற்று கேளுங்கள். கிரைண்டர், துளையிடும் இயந்திரம் எனப் பல ஆண்டுகள் அதிரும் கருவி பிடித்தவர்களுக்கும் விரல் வெளுக்கும். வேலையை மாற்றாமல் மாத்திரை மட்டும் போட்டால் அது கூடிக்கொண்டேதான் போகும்.

புகையிலை தனி விஷயம். 50 வயதுக்குள் புகைப்பவருக்கு விரல்நுனி ஓய்விலும் வலித்து, புண்ணாகி, கறுத்தால் புகையிலையால் சிறு இரத்தக்குழாய்கள் அடைபடும் பர்கர் நோயாக இருக்கலாம். புகையிலையை அறவே விட்டால்தான் விரல் தப்பும், குறைத்துக்கொள்வது போதாது.

வலியே இல்லாமல் இரண்டு கைகளும் எப்போதும் நீலமாக, ஈரமாக, சில்லென்று இருந்தால் அது அக்ரோசயனோசிஸாக இருக்கலாம், பெரும்பாலும் தீங்கற்றது. ஒரு விரலின் உள்பக்கம் சுருக்கென்று வலித்து நீலக் கன்றலாகி, சில நாளில் மறைந்தால் சிறு இரத்தக்குழாய் கசிந்திருக்கிறது. அதுவும் தானாக ஆறும்.

வீட்டிலேயே ஒரு சோதனை. கையைச் சூடாக்கிக்கொண்டு, இதய மட்டத்தில் வைத்து, நகத்தை 5 விநாடி அழுத்தி விடுங்கள். 2 விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். குளிர்ந்த விரலில் இந்தச் சோதனையும் பொய்க்கும், ஆக்சிமீட்டரும் குறைத்துக் காட்டும். மருத்துவமனையில் இரண்டு கைகளிலும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவில் 15க்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால், குறைவாகக் காட்டும் கைக்குப் போகும் பெரிய தமனி சுருங்கியிருக்கலாம்.

ரேனாட் வந்த நேரத்தில் கையை வெதுவெதுப்பான நீரில் வையுங்கள், அல்லது அக்குளில் செருகுங்கள். கையை முழு வட்டமாகச் சுழற்றினாலும் இரத்தம் நுனிக்கு இறங்கும். கொதிநீர்ப் பையும் ஹீட்டரும் வேண்டாம். மரத்த விரலுக்குச் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். கையுறை மட்டும் போட்டால் பலன் பாதிதான், ஏனெனில் உடம்பு குளிர்ந்தாலே விரல் தமனி சுருங்கும். மார்பையும் தலையையும் மூடுங்கள். இவ்வளவு செய்தும் அடிக்கடி வந்தால் இரத்தக்குழாயைத் தளர்த்தும் நிஃபெடிபின் அல்லது அம்லோடிபின் மாத்திரையை மருத்துவர் தருவார். தலைவலியும் கணுக்கால் வீக்கமும் வரலாம். வந்தால் அளவை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.