வார இறுதிக்குள் பாலத்தின் மேல்கட்டுமானத்தை மாற்றும் முறை

அமெரிக்காவில் பாஸ்டனுக்கு வடக்கே, மெட்ஃபோர்டு வழியாகச் செல்லும் ஐ-93 நெடுஞ்சாலையில், 2011 கோடைக்காலத்தில் 14 பாலங்களின் மேல்கட்டுமானம் (தூண்களின் மேல் அமரும் உத்திரங்களும் சாலைத் தளமும்) 10 வார இறுதிகளில் மாற்றப்பட்டது. ஒவ்வொரு முறையும் வெள்ளி இரவு முதல் திங்கள் அதிகாலை வரை, ஏறத்தாழ 55 மணி நேரமே கிடைத்தது. இத்தகைய வேலையில் வேகம் கிரேனால் வருவதன்று, அளவெடுப்பதால் வருவது என்பதே என் உறுதியான கருத்து.

முதலில், பழைய வரைபடத்தை நம்பாமல், நிற்கும் தூண்களையும், பாலத்தின் இரு முனைகளைத் தாங்கும் கரைத்தாங்கிகளையும் ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். பேரிங் (மேல்கட்டுமானத்தைத் தாங்கும் திண்டு) அமரும் இடத்தின் மட்டம் சிறிதளவு பிசகினாலும், ஆலையில் வார்த்து வந்த பகுதி தூக்கிய நிலையிலேயே காத்திருக்க நேரிடும். தூண்களில் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பைப் போக்குவரத்து நடக்கும்போதே கீழிருந்து முடித்துவிட வேண்டும்.

மெட்ஃபோர்டில் பயன்பட்டதைப் போல, இரண்டு எஃகு கர்டர்களின் (நீள உத்திரங்களின்) மேல் கான்கிரீட் தளத்தை முன்கூட்டியே வார்த்த பகுதிகள் வசதியானவை. லாரியில் ஏற்றக்கூடிய அகலமும், கிரேன் தான் நிற்கும் இடத்திலிருந்து பகுதி அமரும் இடம் வரையிலான தூரத்துக்குத் தூக்கக்கூடிய எடையும்தான் அவற்றின் அளவைத் தீர்மானிக்கும். சாலையை மூடியதும் எதிர்த்திசைப் பாதையில் இருபுற வண்டிகளையும் திருப்பிவிட்டு, பழைய தளத்தை உடைத்து அகற்றி, புதியவற்றை வரிசையாக இறக்கலாம்.

அதிகக் கவனம் கோருவது பகுதிகளுக்கு இடைப்பட்ட இணைப்பு. முன்வார்ப்புப் பாலங்களில் நீர் கசிவதும் கம்பி துருப்பிடிப்பதும் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகின்றன. இருபுறமிருந்தும் நீட்டியிருக்கும் கம்பிகள் ஒன்றோடொன்று முட்டாமல் ஒன்றையொன்று கடந்து அமர்ந்திருக்கின்றனவா என்று ஆலை முற்றத்திலேயே அடுத்தடுத்து வைத்துப் பார்த்துவிட வேண்டும். இணைப்பு இடைவெளியில் கான்கிரீட் வார்ப்பதற்கு முன், பகுதிகளின் விளிம்பிலுள்ள சிமென்ட் பாலை (மேற்பரப்பில் படிந்த வலுவற்ற மெல்லிய சிமென்ட் படலத்தை) நீக்கி ஜல்லி தெரியும்படி சொரசொரப்பாக்கி, நன்றாக நனைத்து, தேங்கிய நீரைத் துடைத்தெடுக்க வேண்டும். விளிம்பு காய்ந்திருந்தால், புதிய கான்கிரீட்டின் நீரை அது உறிஞ்சிக்கொள்ள, பிடிப்பு கெட்டு மயிரிழை விரிசல் ஓடும்.

இணைப்புக்கு விரைவில் வலுப்பெறும் கான்கிரீட் தேவை. அதே கலவையில் மாதிரி உருளைகளை வார்த்து, பாலத்தருகிலேயே அதே குளிரிலும் வெயிலிலும் வைத்திருங்கள். வடிவமைப்பில் குறித்த வலிமையை அவை அழுத்தச் சோதனையில் எட்டாதவரை, திங்கள் காலை எவ்வளவு நெருங்கினாலும் ஒரு வண்டியைக்கூட அனுமதிக்கக் கூடாது.