பழைய டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்டி மாட்டுவது எப்படி?

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் பயிர்க் காப்பீட்டு நேரத்தில் பிரவுசிங் சென்டர்களில் கூட்டம் நெரியும். சிட்டா எடுக்க ஆட்கள் நிற்கும்போது கம்ப்யூட்டர் திணறினால், புதுசு வாங்கிவிடலாமா என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். பல மெஷின்களில் பிராசசர் நன்றாகவே இருக்கிறது, தாமதம் ஹார்டு டிஸ்க்கில்தான். அதில் தட்டு சுற்ற வேண்டும், தலை நகர்ந்து தகவலைத் தேட வேண்டும். அதற்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி, சிப்பில் தகவலைச் சேமிப்பது; அதில் சுற்றும் பாகமே கிடையாது.

என்ன வாங்குவது?

முதல் தடவை செய்பவர்களுக்கு சாட்டா என்ற கேபிளில் இணைக்கும் 2.5 இன்ச் எஸ்எஸ்டியைத்தான் சொல்வேன். நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி வரை படிக்கும். மதர்போர்டிலேயே நேராகச் செருகும் என்விஎம்இ வகை இன்னும் வேகம்தான், ஆனால் பழைய மதர்போர்டுகள் பலவற்றில் அதற்கு ஸ்லாட் இருக்காது. 240 ஜிபி போதும், முடிந்தால் 480 எடுங்கள். சாட்டா டேட்டா கேபிளும், எஸ்எஸ்டியைக் கேபினெட்டில் பொருத்த 3.5 இன்ச் பிராக்கெட்டும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் டப்பாவில் வராது.

திறப்பதற்கு முன்

முக்கியமான ஃபைல்களை வேறொன்றில் காப்பி எடுங்கள். ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்துங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

தை, மாசியில் அறுவடை மெஷின் ஓடும் ஊர் என்றால் உள்ளே தூசி அப்பியிருக்கும். காய்ந்த பெயின்ட் பிரஷால் தட்டி எடுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது.

மாட்டுவது

எஸ்எஸ்டியைப் பிராக்கெட்டில் வைத்துத் திருகுங்கள். இங்கே கவனம்: ஹார்டு டிஸ்க்கிலிருந்து கழற்றிய ஸ்குரூ இதற்குச் சேராது, அது பருமனானது. அழுத்தித் திருகினால் மரை போய்விடும். பிராக்கெட்டோடு வரும் சின்ன ஸ்குரூவையே போடுங்கள்.

எஸ்எஸ்டியின் ஓரத்தில் இரண்டு இணைப்புகள் இருக்கும். சின்னது டேட்டா, 7 பின். அகலமானது பவர், 15 பின். இரண்டிலும் ஒரு முனை ‘ட’ போல மடங்கியிருக்கும். கேபிளிலும் அதே மடிப்பைப் பார்த்து, நேராகத் தள்ளுங்கள். சரியான பக்கம் என்றால் லேசாகவே இறங்கும். இறங்கவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள், பலம் காட்டாதீர்கள். டேட்டா கேபிளின் மறுமுனை மதர்போர்டில் சாட்டா என்று எழுதிய இடத்துக்கு. பவர், மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் வயரில்.

விண்டோஸ் போடும்போது

இதைத் தவறவிடாதீர்கள்: இன்ஸ்டால் முடியும்வரை பழைய ஹார்டு டிஸ்க்கின் டேட்டா கேபிளைக் கழற்றி வையுங்கள். இரண்டும் இருந்தால், கம்ப்யூட்டர் கிளம்பத் தேவையான பூட் ஃபைல்கள் பழையதில் போய் உட்கார்ந்துவிடலாம்; நாளை அது கெட்டால் புதியதும் கிளம்பாது. தவறான டிஸ்க்கை ஃபார்மட் செய்யும் ஆபத்தும் இதனால் போய்விடும். கரன்ட் போய்ப் போய் வரும் நாளில் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. மெஷின் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று முதலில் பாருங்கள். ஏற்காவிட்டால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸ் மின்ட் நல்ல வழி.

முடிந்ததும் ஷட்டவுன் செய்து, பிளக்கை எடுத்துவிட்டுப் பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டுங்கள். அப்புறம் கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில், பூட் வரிசையில் எஸ்எஸ்டியை முதலில் வையுங்கள். 480 ஜிபி என்பது விண்டோஸில் 447 என்று காட்டும். குறை ஒன்றுமில்லை, கணக்கிடும் முறை வேறு.

கூடுதல் இடத்துக்காக மட்டும் மாட்டினால் விண்டோஸ் போட வேண்டாம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் புதிய டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்து, பார்ட்டிஷன் முறையாக ஜிபிடி தேர்ந்தெடுத்து, நியூ சிம்பிள் வால்யூம் கொடுங்கள். அதுவரை ‘திஸ் பிசி’யில் அது கண்ணில் படாது.

பழைய டிஸ்க்கில் உள்ள விண்டோஸை உடனே அழிக்காதீர்கள். பிரிண்டர் டிரைவர், டேலி கணக்கு, டிடிபி எழுத்துருக்கள் எல்லாம் புதியதில் சரியாக ஓடுகின்றனவா என்று பாருங்கள். விட்டுப்போன எழுத்துருக்களைப் பழைய விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.