டெல்லில எம்.ஏ. படிக்க வர்றவங்களுக்கு: அரசியல் பொருளாதாரத்த எங்க இருந்து ஆரம்பிக்கிறது

அட்மிஷன் சீசன் வந்தாலே ஊர்ல இருந்து யாராவது ஒரு தம்பி போன் பண்ணி "அக்கா, அரசியல் பொருளாதாரம்னு டிகிரி டெல்லில எங்க இருக்கு"ன்னு கேக்குறான், அதான் ஒரேடியா எழுதி வச்சிடறேன். சொத்து, உழைப்பு, அதிகாரம் எல்லாத்தையும் சேத்து பொருளாதாரத்த பாக்குற படிப்பு அது, ஆனா அந்தப் பேர வச்சு மட்டும் தேடாதீங்க. ஜேஎன்யூல 1973ல ஆரம்பிச்ச சிஇஎஸ்பிங்குற பொருளாதார சென்டர்ல கூட எம்.ஏ. எகனாமிக்ஸ்னு தான் இருக்கும், க்யூட் பிஜிங்குற நுழைவுத் தேர்வு எழுதித்தான் உள்ள வரணும். 1817ல டேவிட் ரிக்கார்டோங்குற பொருளாதார அறிஞர் எழுதுன புக்கோட தலைப்புலயே பொலிட்டிக்கல் எகானமி இருக்கு, 1890ல இன்னொரு பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷலோட புக்குக்கு வரும்போது வெறும் எகனாமிக்ஸ் ஆயிடுச்சு, அதனால டிகிரி பேர பாக்காம சிலபஸ்ல ரிக்கார்டோ மாதிரி பழைய கிளாசிக்கல் ஆளுங்க, மார்க்ஸ், கீன்ஸ், கலெக்கி எல்லாம் இருக்காங்களான்னு பாருங்க.

சீட்டு கிடைச்சதும் எல்லாரும் பண்ற தப்பு மார்க்ஸோட "மூலதனம்" புக்க முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கிறது. நானும் பண்ணேன், சரக்கு, மதிப்புன்னு ரெண்டு வாரம் முட்டி மோதிட்டு மூடி வச்சுட்டேன். அப்புறம் தான் தெரிஞ்சுது, புக் வந்த 1867லயே மார்க்ஸ் தன் நண்பர் குகல்மனுக்கு லெட்டர்ல, உங்க வீட்டம்மா வேலை நாள், கூட்டு உழைப்பு, மெஷின், ஆதித் திரட்டல் (வெவசாயிங்ககிட்ட இருந்து நிலத்தப் புடுங்கி மூலதனம் சேந்த கதை) பத்தின அத்தியாயங்கள முதல்ல படிக்கட்டும்னு சொல்லியிருக்காரு. எழுதுன ஆளே சொல்றாரு, நமக்கென்ன வீம்பு. தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கு, பக்கத்துல வச்சுக்கோங்க, வெக்கப்பட ஒன்னுமில்ல, நான் இன்னிக்கும் நோட்ஸ தமிழ்ல எழுதிட்டு தான் இங்கிலீஷ்ல பேப்பர் எழுதுறேன்.

ஆனா மார்க்ஸுக்கும் முன்னாடி ரிக்கார்டோவோட ரெண்டாவது அத்தியாயத்த படிச்சிடுங்க, குத்தகை பத்தினது, வீட்டு வாடகை மாதிரியே இங்கிலீஷ்ல இதுக்கும் ரெண்ட்னு தான் பேரு. குத்தகை குடுக்குறதால தானிய விலை ஏறல, தானிய விலை ஏறுனதால தான் குத்தகை குடுக்க வேண்டியிருக்குன்னு சொல்வாரு. கிளாஸ்ல கேட்டப்போ எனக்கு மண்டைல ஏறவே இல்ல. ஜேஎன்யூ பக்கத்துல இருக்குற முனிர்கால ரூம் எடுத்தப்புறம் ஏறுச்சு! 2018 மே மாசம் மெட்ரோ மெஜெண்டா லைன் வந்து முனிர்கா ஸ்டேஷன் திறந்தாங்க, எங்க பில்டிங் ஓனர் ஒரு செங்கல் கூட புதுசா வைக்கல, தண்ணி அதே மாதிரி காலைல ஒரு மணி நேரம் தான், ஆனா வாடகை 1,500 ஏறிடுச்சு. மெட்ரோ கட்டுனது அரசாங்கம், ஸ்டேஷனுக்கு நடந்து போற தூரத்துல ரூம் வேணும்னு வர்றது நாம, காசு யாருக்குப் போகுது பாருங்க. ஒரு காலத்துல இது வெவசாய கிராமம், வயல அரசாங்கம் எடுத்துக்கிச்சு, மிச்சம் இருந்த லால் டோரா (பழைய கிராமத்துக் குடியிருப்பு எல்லை) வீட்டு மனைல மாடி மேல மாடி ஏத்தி வாடகைக்கு விட்டுட்டாங்க. ரிக்கார்டோ, ஆதித் திரட்டல் ரெண்டும் ஒரே சந்துல.

இப்படி கைல ஒரு கேஸ புடிச்சுக்கோங்க, வாடகையோ ஆசாத்பூர் காய்கறி மண்டில ஆட்தியா (கமிஷன் ஏஜெண்ட்) வாங்குற கமிஷனோ எதுவா இருந்தாலும் சரி, படிக்கிற ஒவ்வொன்னையும் அதுல போட்டுப் பாருங்க. போலந்து பொருளாதார அறிஞர் கலெக்கி 1943ல எழுதுன சின்ன கட்டுரை ஒன்னு இருக்கு, எல்லாருக்கும் வேலை கிடைச்சா முதலாளிங்களுக்கு ஏன் புடிக்காதுன்னு, ஒரே உக்காரல்ல முடிச்சிடலாம். இத்தாலி பொருளாதார அறிஞர் ஸ்ராஃபாவோட புக் பாக்க ஒல்லியா இருக்கும், ஏமாந்துடாதீங்க, மேட்ரிக்ஸ் கொஞ்சம் தெரிஞ்சுட்டு தொடுங்க.

டேர்ம் பேப்பருக்கு "இந்தியாவில் முதலாளித்துவம்"னு தலைப்பு குடுக்காதீங்க, புரொபசர் சிரிப்பாங்க. ஒரு தெரு, ஒரு பயிர், பத்து வருஷம், அவ்ளோ தான். அரசாங்கம் எடுக்குற வேலைவாய்ப்பு சர்வே பிஎல்எஃப்எஸ் டேட்டா ஃப்ரீயா டவுன்லோட் ஆகும், ஈபிடபிள்யூ (எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி) பழைய இதழ்கள யூனிவர்சிட்டி லாகின்ல எடுத்துக்கலாம், இந்திய வெவசாயம் முதலாளித்துவமா இல்லையான்னு 70கள்ல நடந்த உற்பத்தி முறை விவாதத்த அதுல தேடிப் படிங்க, செம சண்டை.

அப்புறம் ஜேஎன்யூ பக்கத்துல இருக்குற பேர் சராய் ஏரியா கடைல போய் ஜெராக்ஸ்னு கேட்டா முழிப்பாங்க, போட்டோஸ்டாட்னு கேளுங்க.