பயப்படுகிறவரிடம் பாசம் வருமா? செய்து பார்க்கச் சில வழிகள்

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுகிறவராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஞாயிறு காலையில் எங்கள் சபையில் பெரிய பிள்ளைகளுக்கு சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். ஒரு வாரம் "கர்த்தருக்குப் பயப்படு" என்று மனப்பாட வசனம் கொடுத்து, அடுத்த வாரம் "கர்த்தரிடத்தில் அன்புகூரு" என்று கொடுத்தால், பத்தாம் வகுப்புப் பையன் கேட்கத்தான் செய்வான்: "பயப்படுற ஆள்கிட்ட எப்படி சார் பாசம் வரும்?"

நியாயமான கேள்வி. உபாகமம் 10:12-ல் இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. பிரசங்கத்தைவிடப் பழக்கத்தில் இது சீக்கிரம் பிடிபடும் என்பது என் எண்ணம். அதனால் செய்து பார்க்கக்கூடியதை மட்டும் எழுதுகிறேன்.

இருப்பது எந்தப் பயம்?

நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் முதலில் கிடைக்கும் இறையியல், "பொய் சொன்னா சாமி கண்ணக் குத்திடும்" என்பதுதான். கிறிஸ்தவ வீடுகளில் அது "இயேசப்பா அடிப்பாரு" என்று ஞானஸ்நானம் பெற்றுவிடுகிறது, அவ்வளவே. நாற்பது வயதிலும் அந்தப் பயத்தையே பக்தி என்று நினைத்துச் சுமப்பவர்கள் உண்டு.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரு தப்பு செய்த அன்று ராத்திரி என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். வேதத்தைத் திறக்கக் கை வரவில்லை, ஜெபத்தை "ரெண்டு நாள் போகட்டும்" என்று தள்ளிப் போடுகிறீர்கள், ஆராதனையில் கடைசி வரிசைக்குப் போகிறீர்கள் என்றால் அது ஆதாமின் பயம். ஆதியாகமம் 3-ல் அவன் பயந்து மரங்களுக்குள்ளே ஒளிந்துகொண்டான்.

இன்னொரு பயம் யாத்திராகமம் 20:20-ல் இருக்கிறது. சீனாய் மலை புகைகிறது, ஜனங்கள் நடுங்கித் தூரத்தில் நிற்கிறார்கள். மோசே "பயப்படாதிருங்கள்" என்று தொடங்கி, அதே வாக்கியத்தில், நீங்கள் பாவம் செய்யாதபடி தேவனைப் பற்றும் பயம் உங்கள் முகத்துக்கு முன்பாக இருக்கவே அவர் வந்தார் என்கிறார். விரட்டும் பயத்தை விடச் சொல்கிறார், நிறுத்தும் பயத்தைப் பிடிக்கச் சொல்கிறார். இந்த வசனத்தைக் கையால் எழுதி, இரண்டு பயத்துக்கும் அடியில் கோடு போடுங்கள்.

தராசுக்குப் பக்கத்தில் நில்லுங்கள்

இதுதான் நான் அதிகம் சொல்ல விரும்புவது. சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். அன்றிலிருந்து இன்றுவரை பழ சீசன் சாயங்காலங்கள் பெரிதாக மாறியிருக்காது. சில்வர் ஓக் மரத்தடியில் தொங்கு தராசு. சாக்கோடு பெண்கள் வரிசை. மஞ்சு இறங்கிவிட்டால் நாலரை மணிக்கே முள் சரியாகத் தெரியாது. ஆள் ஆளாகச் சாக்கை மாட்டுவார்கள், ரைட்டர் எடையைப் பார்த்து நோட்டில் எழுதுவார். சாக்கு நனைந்திருந்தால் அதற்கு ஒரு கிலோ கழிக்கலாம், ஒன்றரையும் கழிக்கலாம். முள் ஆடி நிற்கும் முன்பே படித்துவிடலாம். வரிசையில் நிற்கிற பாட்டிக்கு எண் படிக்கத் தெரியாது. தெரிந்தாலும், கேட்டால் நாளைக்கு எந்தச் சரிவில் நிரை (பழம் பறிக்கும் வரிசை) கிடைக்குமோ என்று பயந்து கேட்கமாட்டார்.

அந்த இடத்தில் என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. துரை பங்களாவில் இருப்பார், கணக்கு என் கையில். தெய்வ பயம் என்பதற்கு அங்கேதான் வேலை.

நான் சொந்தமாகச் சொல்லவில்லை. லேவியராகமம் 19:14-ஐப் படியுங்கள்: "செவிடனை நிந்தியாமலும், குருடனுக்கு முன்னே தடுக்கலை வையாமலும், உன் தேவனுக்குப் பயந்திருப்பாயாக." செவிடனுக்கு நீங்கள் திட்டியது கேட்காது, குருடனுக்குக் கல்லை வைத்தது யார் என்று தெரியாது. மாட்டிக்கொள்ளவே முடியாத தப்புகள் இவை, அங்கேதான் "உன் தேவனுக்குப் பயந்திரு" என்று வருகிறது. அதே அதிகாரம் 32-ஆம் வசனத்தில், நரைத்தவர் முன்பாக எழுந்திருக்கச் சொல்லும்போது மறுபடி. 25:43-ல், வேலைக்காரனைக் கொடூரமாய் ஆளாதே என்னும்போது மறுபடி. நெகேமியா எருசலேமில் அதிபதியாக இருந்தபோது, முன்பிருந்தவர்களைப்போல ஜனங்களைப் பிழியாததற்குச் சொல்லும் காரணமும் தேவனுக்குப் பயந்ததுதான் (5:15).

ஆக, செய்ய வேண்டியது இது. உங்களைச் சரிபார்க்க முடியாத ஒருவர் உங்கள் முன்னால் நிற்கும் இடம் எது என்று கண்டுபிடியுங்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தால், வேலையாளிடம் வெள்ளி நிறுத்துக் கொடுத்து, கொலுசாகத் திரும்ப வாங்கி, சேதாரம் கணக்குப் போடும் நேரம். அங்கே லீ பஜாரில் மிளகு வாங்குகிற வியாபாரியாக இருந்தால், மலையிலிருந்து இரண்டு மூட்டையோடு வந்தவரிடம் "ஈரம் ஜாஸ்தி" என்று சொல்லும் நேரம். மருமகளாக இருந்தால், காது மந்தமான மாமியாருக்குப் பின்னால் முணுமுணுக்கும் நேரம். சிரிக்காதீர்கள், அது அப்படியே 19:14.

இடம் தெரிந்ததும் அங்கே ஒரு சின்னச் செயலை வையுங்கள். நான் செய்தது, தராசின் முகத்தைச் சாக்குக்காரர் பக்கம் திருப்பி வைத்து, எடையைச் சத்தமாகச் சொல்லி, பிறகு எழுதுவது. சொல்லும்போது வரிசையில் எண் தெரிந்த யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். நேரம் பிடிக்கும், மேஸ்திரி முணுமுணுப்பார். பிடிக்கட்டும்.

நேசம் எங்கிருந்து வரும்

பயத்தைப் பிடித்துவிட்டால் நேசம் தானாக வரும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பயம் மட்டும் இருந்தால் நேர்மையான, ஆனால் கடுகடுத்த மனிதர்தான் கிடைப்பார். சபைக்கு இரண்டு பேராவது இருப்பார்கள்.

சங்கீதம் 130:4 இப்படிச் சொல்கிறது: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." தண்டனை உண்டு, அதனால் பயப்படுகிறோம் என்று எதிர்பார்ப்போம். சங்கீதக்காரனோ மன்னிப்பு உண்டு, அதனால் பயப்படுகிறோம் என்கிறான். மன்னித்தவரை மறுபடி நோகடிக்கக் கூடாதே என்கிற பயம் இது. இந்தப் பயமும் நேசமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். லூக்கா 7-ல் இயேசுவின் பாதத்தைக் கண்ணீரால் நனைத்த பெண்ணைப் பற்றி அவரே சொல்வதும் இதுதான்: கொஞ்சம் மன்னிக்கப்பட்டவன் கொஞ்சமாய் அன்புகூருவான்.

அதனால் ராத்திரி படுக்கும் முன் அன்றைய தப்பு ஒன்றைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "நான் பாவி ஆண்டவரே" என்று மொத்தமாக வேண்டாம், அது தப்பிக்கிற வழி. "மத்தியானம் அவரிடம் இப்படிப் பேசினேன்" என்று சொல்லுங்கள். அன்றைக்கே சொல்லுங்கள், மனசு ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அப்புறம் நன்றி சொல்லிவிட்டுத் தூங்குங்கள்.

என் மனைவி கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். பாவத்துக்காக வருந்திச் சொல்லும், சின்ன வயதில் படித்த உத்தம மனஸ்தாப ஜெபத்தை இன்றும் படுக்கையில் முணுமுணுப்பாள். கத்தோலிக்கத் திருச்சபை இதை அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது. கடவுளை எல்லாவற்றுக்கும் மேலாக நேசிப்பதால் வரும் துக்கம் உத்தமமானது, நரகத்துக்குப் பயந்து வரும் துக்கம் அதைவிடக் குறைந்தது. ஆனாலும் குறைந்த அந்தத் துக்கமும் கடவுளின் கொடைதான், அதை வைத்துக்கொண்டும் பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவத்தை அறிக்கையிட) வரலாம். பயத்தோடுதான் வர முடிகிறது என்றால், சரி, பயத்தோடு வாருங்கள்.

யோவான் சொன்னது

"பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்ற 1 யோவான் 4:18-ஐக் காட்டி, பயமே கூடாது என்று வாதாடுவார்கள். முந்தின வசனத்தையும் சேர்த்துப் படித்தால் பேச்சு நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றியது என்று தெரியும். தள்ளப்படுவது தண்டனைப் பயம். வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகுஸ்தீன், 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நிருபத்தைப் பிரசங்கித்தபோது ஒரு தையல் உதாரணம் சொன்னார்: ஊசி முன்னால் நுழைந்தால்தான் நூல் பின்னால் வரும், ஆனால் ஊசி வெளியே போனால்தான் நூல் தங்கும். பயம் ஊசி, அன்பு நூல். துரோகம் செய்ய நினைத்து, கணவன் வந்துவிடுவானோ என்று பயப்படும் மனைவியும், கணவன் விட்டுப் போய்விடுவானோ என்று பயப்படும் மனைவியும் ஒன்றா என்றும் அதே பிரசங்கத்தில் கேட்கிறார். இரண்டாவது பயத்தை அவர் தள்ளவில்லை.

காய்ச்சல் வந்தாலும், மகனுக்கு வேலை கிடைக்காவிட்டாலும், "எந்தப் பாவத்துக்கு இது?" என்று தோண்டிக்கொண்டிருப்பது இந்தக் கணக்கில் சேராது. யோவான் 9:3-ல் இயேசு அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டார். கூட்டத்தில் மைக் பிடித்து அப்படிப் பயமுறுத்துகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. ராத்திரி தூக்கம் போகும் அளவுக்கு அந்த எண்ணம் துரத்தினால் ஆயரிடமும் சொல்லுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள்.

இரண்டு வரி நோட்டு

மார்ட்டின் லூதர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலில், பத்துக் கட்டளைகளின் விளக்கம் "நாம் தேவனுக்குப் பயந்து அவரை நேசிக்க வேண்டும்" என்றே தொடங்கும். பிறகு பெரும்பாலும் இரண்டு பகுதி: செய்யக் கூடாதது, செய்ய வேண்டியது. களவு செய்யாதே என்பதற்கு, பிறர் பொருளை எடுக்காமலும் கள்ள வியாபாரத்தால் பறிக்காமலும் இருப்பதோடு, அவருடைய உடைமையும் பிழைப்பும் பெருக உதவ வேண்டும் என்று விளக்கம்.

வகுப்பில் இதையே நோட்டில் செய்யச் சொல்கிறேன். வாரத்துக்கு ஒரு கட்டளை, இரண்டு வரி. முதல் வரியில் பயம் நிறுத்த வேண்டிய ஒரு செயல், இரண்டாவதில் நேசம் தொடங்க வேண்டிய ஒரு செயல். இரண்டிலும் ஆள் பெயரோ இடமோ இருக்க வேண்டும். "எல்லாரிடமும் அன்பாய் இருப்பேன்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். "ஹாஸ்டலில் தம்பியின் சோப்பை எடுக்கமாட்டேன் / அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன்" என்றால் டிக்.

பெற்றோருக்கு ஒன்று. "இயேசப்பா அடிப்பாரு"வை நிறுத்துங்கள். அதற்காக அவருக்குக் கோபமே வராது என்றும் சொல்லிவிட வேண்டாம். பிள்ளை கேட்டால் மாற்கு 3:5-ஐ வாசித்துக் காட்டுங்கள். சூம்பின கையுள்ளவன் ஒருவன் ஜெபாலயத்தில் நிற்கிறான், ஓய்வுநாளில் குணமாக்கினால் குற்றஞ்சாட்டலாம் என்று சுற்றியிருப்பவர்கள் காத்திருக்கிறார்கள். இயேசு அவர்களைக் கோபத்துடன் பார்க்கிறார், அவர்கள் இருதயக் கடினத்துக்காக விசனப்படுகிறார், கையை நீட்டு என்கிறார். கோபம் யார்மேல், எதற்காக என்று பிள்ளையையே கேளுங்கள். பதில் வரும்வரை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.