நத்தார்ப் பெட்டி: எந்த வீட்டுக்கு எதைக் கொடுப்பது

நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, என்ன சமைப்பது என்று முதலில் யோசிக்காதீர்கள். ஒரு பழைய கொப்பியை எடுத்து, எந்தெந்த வீட்டுக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்தில் மூன்று விசயம் குறியுங்கள்: எத்தனை பேர், என்ன சாப்பிட மாட்டார்கள், எந்த நாளில் கொடுத்தால் நல்லது. நான் முல்லைத்தீவு சிலாவத்தையில் இருக்கிறேன். என்னுடைய பட்டியலில் எங்கள் கிறிஸ்தவக் கோயில் ஆட்கள் பாதிதான். மற்றப் பாதியில் முள்ளியவளைச் சைவக்காரர், தண்ணீரூற்றில் இரண்டு முஸ்லிம் குடும்பம், மகனோடு வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பெட்டி கட்டினால் பாதிப் பெட்டி திறக்காமலே அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

சைவக்காரர் வீட்டுக்குக் கொடுக்க முன்னர் கலண்டரைப் பாருங்கள். கார்த்திகைப் பூரணைக்கு மறுநாள் தொடங்கி 21 நாள் பிள்ளையார் கதை விரதம். அதை ஒட்டியே திருவெம்பாவையும் வரும். சில வருடங்களில் நத்தார் சரியாக இந்த நாட்களுக்குள் அகப்பட்டுவிடும். அப்போது இறைச்சி கொடுக்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் முட்டையைத்தான் மறந்துவிடுகிறோம். கேக்கில் முட்டை, கொக்கிஸ் மாவில் முட்டை, பற்றிஸின் ஓரம் ஒட்டுவதும் முட்டை. 'விரதம் முடிய சாப்பிடட்டும்' என்று கொடுத்துவிட்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. விரதகாரர் வீட்டில் அதை எங்கே வைப்பது என்பதே ஒரு தலையிடி. அவர்களுக்கு முட்டை சேராத பலகாரம் மட்டும் கட்டுங்கள். அதையும் முதலில், புது எண்ணெயில், இறைச்சி படாத தாச்சியில் சுட்டு எடுங்கள். எங்கள் வீட்டில் அதற்கென்றே ஒரு தாச்சி இருக்கிறது. முள்ளியவளையில் ஒரு ஆச்சி பெட்டியைக் கையில் வாங்க முன்னமே கேட்பா: "பிள்ளை, எந்தத் தாச்சியில சுட்டது?" அதற்குக் கூசாமல் பதில் சொல்லக் கூடியதாக இருக்க வேண்டும்.

முஸ்லிம் வீடுகளுக்கு இறைச்சிக் கறி அனுப்பும் யோசனையே வேண்டாம். கோழியை அவர்களுடைய கடையிலேயே வாங்கினாலும், பன்றி சமைத்த சட்டி, அகப்பை என்று நம் குசினியில் வேறு கணக்கு இருக்கிறது. ரிச் கேக்கில் பிராண்டி ஊற்றியிருந்தால் அதுவும் ஆகாது. பயற்றம் பணியாரம், அரியதரம், ஒரு சீப்பு வாழைப்பழம் போதும்.

அப்புறம் துக்க வீடு. ஆள் செத்து ஒரு வருடம் ஆகாத வீட்டில் பலகாரம் சுட மாட்டார்கள். அக்கம்பக்கம்தான் கொடுக்க வேண்டும். ஆகவே பட்டியலில் அந்த வீடுகளை முதலாவதாகப் போடுங்கள், பெட்டியும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் இன்னும் முக்கியம். மினுங்கும் கடதாசி, ரிபன் எல்லாம் அந்தப் பெட்டிக்கு வேண்டாம்.

இனிப் பலகாரத்துக்கு வருவோம். டிசம்பர் என்றால் வன்னியில் மழை. மா காயாது, விறகு எரியாது, முறுக்கு இரண்டு நாளில் நமுத்துவிடும். சமையல் கொப்பியை விட மழையைப் பார்த்துத்தான் நான் பலகாரம் தெரிவுசெய்கிறேன். மழைக்கு நல்லது அரியதரம். ஊறவைத்து இடித்த பச்சையரிசி மா ஈரமாகவே இருக்க வேண்டும். அந்த ஈரத்தில்தான் சீனி இளகும். வெயில் தேவையே இல்லை. அதை விட நல்லது பயற்றம் பணியாரம். ஒரு கிழமைக்கு மேல் இருக்கும், முட்டை இல்லை, எந்த வீட்டுக்கும் போகும். நேரம் குறைவென்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் சுடுங்கள்.

அரைக் கிலோ முழுப் பயறை மெல்லிய நெருப்பில் வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். பிறகு எவ்வளவு சீனி போட்டாலும் அந்தப் பச்சை மணம் போகாது. ஆறவிட்டு மில்லில் கொடுத்துத் திரித்து அரித்துக்கொள்ளுங்கள். மில்லுக்கு டிசம்பர் 15க்கு முன்னரே போய்விடுங்கள், பிறகு வரிசையில் நிற்க வேண்டிவரும். ஒரு தேங்காயைத் துருவி, பொன்னிறமாக, கையில் எடுத்தால் சரசர என்று வரும்வரை வறுங்கள். பலகாரம் எத்தனை நாள் இருக்கும் என்பது இந்த இடத்தில்தான் முடிவாகிறது. தேங்காய்ப்பூவில் ஈரம் மிஞ்சினால் மூன்றாம் நாள் பூஞ்சணம். ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், பத்து ஏலக்காய் ஆகியவற்றை இளஞ்சூட்டில் வறுத்து இடித்து, தேங்காய்ப்பூவையும் சேர்த்து மாவோடு கலவுங்கள். 400 கிராம் சீனியில் ஒரு கோப்பை தண்ணீர் விட்டுக் காய்ச்சி, விரலில் ஒட்டிப் பார்க்கும்போது மெல்லிய நூல் வந்தவுடன் இறக்குங்கள். பாகு முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டாமல், மா பிடிக்கும் பதம் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். கை தாங்கும் சூட்டில் உருண்டை பிடிக்க வேண்டும். ஆறினால் உதிரும். வீட்டில் இருக்கிற எல்லாரையும் கூப்பிட்டு இருத்துங்கள், தொலைபேசி பார்த்துக்கொண்டிருக்கிற ஆட்களையும்தான்.

தோய்க்கிற மாவுக்கு அரிசி மா இரண்டு பங்கு, கோதுமை மா ஒரு பங்கு, தேங்காய்ப்பால், உப்பு, கொஞ்சம் மஞ்சள். தோசை மாவை விடச் சற்று இறுக்கமாக இருந்தால் உருண்டையில் நின்று பிடிக்கும். எண்ணெய் காயாமல் போட்டால் உருண்டை உடைந்து தாச்சி முழுக்கப் பயறாகிவிடும். அதனால் முதலில் ஒரு சொட்டு மாவை விட்டுப் பாருங்கள். உடனே மேலே வந்தால் சரி. பொரித்ததைச் சுளகில் கடதாசி விரித்துப் பரவி, முழுக்க ஆறிய பிறகே தகரத்தில் போட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும்.

கேக் அளவு நான் எழுதப் போவதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அளவு இருக்கிறது, ஒருவரும் மற்றவருடையதை ஏற்க மாட்டார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: ரிச் கேக்கில் கடைத் தேனுக்குப் பதில் காட்டுத் தேன் விட்டுப் பாருங்கள். வீட்டில் 'அவன்' அடுப்பு இல்லாதவர்கள் கலவையைப் பேக்கரிப் போறணையில் கொடுத்து வேகவைக்கலாம். ஆனால் 23, 24 இல் அங்கே கேக் தட்டுகள் ஒன்றோடொன்று மாறிப்போகும். தட்டின் அடியில் பெயரைக் கீறிவிட்டுக் கொடுங்கள்.

25 ஆம் திகதி மதியச் சாப்பாடு வேறு கதை. சாமப் பூசை முடிந்து வந்து, இரண்டு மணித்தியாலம் கண்ணயர்ந்து எழும்பி, அன்றைக்கே சமைத்து அன்றைக்கே கொடுக்க வேண்டும். ஆகவே சமைத்த சாப்பாடு கொடுக்கிற வீடுகளைக் குறையுங்கள். தனியே இருக்கிற வயதானவர்கள், அடுப்பு மூட்ட ஆளில்லாத வீடு, விடுதியில் நிற்கிற பிள்ளைகள், அவ்வளவுதான். மற்றவர்களுக்குப் பலகாரம் போதும்.

25 பேருக்கு அரிசி 3 கிலோ, கோழி 4 கிலோ எடுத்தால் தாராளம். தேங்காய்ப்பால் விட்ட மஞ்சள் சோறு நம் மேசைக்கு நல்லது; கட்டிக் கொடுக்கிற சோறு கெதியில் பழுதாகும். கொடுப்பதற்கு நெய்யில் தாளித்துத் தண்ணீரில் வேகவைத்த சோறே நல்லது. கறியும் அப்படித்தான். பால் விட்ட குழம்பு பெட்டியில் இருந்து ஒழுகும், பின்னேரம் புளிக்கும். பிரட்டலாகச் செய்யுங்கள். கிலோவுக்கு மூன்று மேசைக்கரண்டி கறித்தூள், உப்பு, மஞ்சள், இஞ்சி, உள்ளி போட்டுப் பிரட்டி ஒரு மணித்தியாலம் வையுங்கள். வெங்காயம், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, றம்பை தாளித்து இறைச்சியைப் போட்டு, அதன் தண்ணீரிலேயே மூடி அவித்து, கடைசியில் மூடியைத் திறந்து வற்றவிடுங்கள். ஊர்க்கோழி என்றால் கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டு ஒரு மணித்தியாலம் வேண்டும், புரொயிலர் அரை மணித்தியாலத்தில் அவிந்துவிடும். இறக்கும்போது தேசிக்காய்ப் புளி. கூட ஒரு கத்தரிக்காய்ப் பொரியல், ஒரு பருப்பு. சலாட் வைக்காதீர்கள், சூட்டில் வாடிவிடும். சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் எல்லாம் கை மாறிவிட வேண்டும். அதனால்தான் தூரத்து வீட்டை நான் இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

இறைச்சியை எப்போது வாங்குவது என்பதையும் கலண்டரில் பாருங்கள். போயா தினத்தில், அதாவது பூரணை விடுமுறையில், இறைச்சிக் கடை பூட்டு. உந்துவப் போயா டிசம்பரில் வரும். 2015 இல் அது 24 ஆம் திகதியே வந்தது. பிரிட்ஜ் உள்ளவர்கள் முதல்நாள் வாங்கி வைக்கலாம், மழையில் கரண்ட் நின்றால் அதுவும் நிச்சயமில்லை. உயிர்க்கோழியாகச் சொல்லிவைத்தால் இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று: வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் ஆசைப்பட்டு மரை வற்றல், மான் இறைச்சி கேட்பார்கள். கேட்டால் சட்டம் விடாது என்று சொல்லிவிடுங்கள். விறகை நவம்பரிலேயே கொட்டிலுக்குள் அடுக்குங்கள். பாலை விறகு நின்று எரியும், பொரிக்கிற அடுப்புக்கு அதுதான்.

கட்டுவதற்குப் பனையோலைப் பெட்டி வாங்குங்கள். உள்ளே வாட்டிய வாழையிலை, அதன் மேல் பலகாரம். பலகாரத்தையும் கேக்கையும் ஒரே பெட்டியில் வைத்தால் கேக்கின் ஈரம் பணியாரத்துக்கு ஏறும். கேக்கை எண்ணெய்க் கடதாசியில் தனியே சுற்றுங்கள். சோற்றுக்கு மூடி உள்ள சில்வர் பாத்திரம். எண்ணிக்கையில் கஞ்சத்தனம் என்று யாராவது நினைப்பார்களோ என்று பயப்படாதீர்கள். 2009 நத்தாரை வவுனியா மெனிக் பாம் அகதி முகாமில் கழித்த நாங்கள் நிவாரண மாவில் சுட்ட ரொட்டியைக் கால் கால் துண்டாக வெட்டித்தான் பக்கத்துக் கொட்டில்களுக்குக் கொடுத்தோம். அந்தக் கால் துண்டை வாங்கின ஆட்களில் சிலர் இப்போதும் என் கொப்பியில் இருக்கிறார்கள்.

நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் 26 ஆம் திகதி கொண்டாட்ட நாள் இல்லை. 2004 சுனாமி நத்தாருக்கு மறுநாள் காலையில் வந்தது. முல்லைத்தீவில் ஆண்டுத் திவசம் வராத தெரு குறைவு. அந்த வீடுகளுக்கு 25 ஆம் திகதியே நெஞ்சுக்குள் பாரமாக இருக்கும். அவர்களுக்கு நான் 24 பகலிலேயே கொடுத்துவிடுகிறேன், வாசலில் நின்று இரண்டு கதை கதைத்துவிட்டு வந்துவிடுவேன், நத்தார் வாழ்த்துச் சொல்லுவதில்லை. 25 இருட்ட முன்னர் எல்லாப் பெட்டியும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 26 இல் நினைவுப் பூசைக்குப் போகிற ஆட்களை மறித்துப் பலகாரத் தட்டை நீட்டாதீர்கள். அயலூரில் இருந்து புதிதாக வந்து குடியேறினவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக்கொடுங்கள்.

விட்டுப்போன வீடு ஏதும் நினைவுக்கு வந்தால் 27க்குப் பிறகு, புதுவருடத்துக்கு முன்னர் கொடுக்கலாம். அதற்கென்று ஒரு தகரம் பணியாரத்தைத் தொடாமல் மேல் தட்டில் வையுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில். பாத்திரங்கள் திரும்பி வர நாள் எடுக்கும். யாரும் வெறும் பாத்திரம் திருப்ப மாட்டார்கள், போட்டுக் கொடுக்க ஏதாவது சமைக்கும்வரை வைத்திருப்பார்கள். சைவக்காரர் வீட்டுக்குப் போன சில்வர் பாத்திரம் பெரும்பாலும் தைப்பொங்கலுக்குப் பொங்கலோடுதான் வரும். அதற்குள் போய்க் கேட்டு அவர்களை அந்தரப்படுத்தாதீர்கள். ஜனவரி நடுப்பகுதி வரைக்கும் சமாளிக்க வீட்டில் வேறு பாத்திரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.